பி-0171

இந்த நம்பர் எனக்குப் பழக்கம்.
போன மாதம் இதே வண்டியில் இதே நம்பர்.
அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.
ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றினேன், புதியது மாட்டினேன்,
நம்பரை அழித்தேன்,
நாலாயிரத்து இருநூறு வாங்கினேன்.

இருபத்து மூன்றாம் நாள்
மஞ்சள் விளக்கோடு திரும்பி வந்து நிற்கிறது
சிகப்பி ஆச்சியின் பலகார வேன்.
(என்னைவிட இரண்டு வயது இளையவர்.
ஊர் வழக்கத்துக்கு ஆச்சி.)

விடிந்தால் பள்ளத்தூரில் கல்யாணம்.
பின்பக்கம் பதினாறு டின் தேன்குழல், இறக்கக்கூட இல்லை.
"நிக்கிறப்ப உதறுது, ஓடுறப்ப ஒழுங்கா இருக்கு."
போன மாதமும் இதையேதான் சொன்னார்.
என் காதில் நம்பர் மட்டும்தான் விழுந்தது.

ஸ்கேனரைச் செருகுகிறேன்.
கலவையில் காற்று மிகை, பெட்ரோல் குறை.
அவ்வளவுதான் அது சொல்லும்.
ஆள் பெயர் சொல்லாது.

இந்த முறை அழிக்காமல் கீழே போகிறேன்.
நம்பர் விழுந்த நொடியை
வண்டி அப்படியே உறையவைத்திருக்கிறது:
வேகம் பூஜ்யம்.
சுற்று எழுநூற்று நாற்பது.
சூடு எண்பத்தொன்பது.
கோட்டையூர் கேட்டில் ரயிலுக்கு நின்றிருக்கலாம்.
போன மாதமும் இப்படி ஒரு நொடி உள்ளே இருந்திருக்கும்,
ஒரே பொத்தானில் நான் துடைத்தது.

"இதெல்லாம் என்ன கணக்கு?" ஆச்சி எட்டிப் பார்க்கிறார்.
இது சிட்டை, நொடிக்கு நொடி எழுதுவது.
இது பேரேடு, நாள்பட்டு ஏறியது.
எங்கிருந்தோ நுழையும் காற்றுக்கு ஈடாக
இருபத்து நான்கு விழுக்காடு
பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டிருக்கிறது வண்டி.

மிதிக்கச் சொல்கிறேன்.
இரண்டாயிரத்து ஐந்நூறு சுற்றில்
இருபத்து நான்கு பதினொன்றாகிறது, பிறகு ஐந்து.
காலை எடுத்ததும் மறுபடி இருபத்து நான்கு.

"யாவாரம் ஓடுறப்ப கல்லாவுல ஒழுகுறது தெரியாது" என்கிறார்.
"ஆள் இல்லாத மத்தியானத்துலதான் தெரியும்."

எட்டு வருடமாக இந்த ஸ்கேனர் என் கையில்.
இவ்வளவு சரியாக நான் யாருக்கும் விளக்கியதில்லை.

பம்ப் இல்லை. சென்சார் இல்லை.
ஓட்டை.

புகை மெஷின் வாங்க வசதியில்லை.
ஒரு பெயின்ட் டப்பா, இரண்டு துளை,
உள்ளே தணல், மேலே சாம்பிராணி, ஒரு சைக்கிள் பம்ப்.
இஞ்சினை அணைத்து, காற்றுக்குழாய் வாயில் துணி சுற்றி
தவசு பம்ப் அடிக்கிறான்.
பட்டறை முழுக்க வெள்ளிக்கிழமை வாசனை.
டின் மூடியெல்லாம் இறுக்கமா என்று
ஆச்சி ஓடிப்போய்ப் பார்க்கிறார்.

முதலில் ஒன்றுமில்லை.
பிறகு மேனிஃபோல்டின் முதுகுப்பக்கம்,
கை போகும், கண் போகாத இடத்தில்,
பிசிவி ஹோஸின் வளைவுக்குக் கீழிருந்து
நூல்போலப் புகை.
ஒரே நூல். அவசரமில்லாமல் மேலேறுகிறது.

நகத்தளவு வெடிப்பு.
புது ஹோஸ் மதுரையிலிருந்து நாளை மறுநாள்தான் வரும்.
வெடித்த நுனியை வெட்டி, மிச்சத்தை இழுத்து ஏற்றி
கிளாம்ப் போடுகிறேன்.
நீளம் மயிரிழையில் போதுகிறது.
கிளாம்ப் பதினைந்து ரூபாய்.

எல்லாவற்றையும் எழுதி வைத்த பிறகே அழிக்கிறேன்.
செக்காலை ரோட்டில் ஒரு சுற்றுப் போய்
வேண்டுமென்றே ஓரங்கட்டி நிற்கிறேன்.
மூன்று. இரண்டு. மூன்று.
உதறல் இல்லை.

இனிச் சொல்லியாக வேண்டும்.
டேஷ்போர்டு பெட்டியில் பழைய சென்சார்,
நானே செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தது, பிரிக்கப்படாமல் கிடக்கிறது.
"இது பொய் சொல்லலை ஆச்சி.
குறையிருக்குன்னு சொன்ன ஒரே ஆள் இதுதான்.
இதைத்தான் நான் மாத்துனேன்."

அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை.
கைப்பையிலிருந்து சிவப்பட்டை நோட்டு.
அதில் 'அடைக்கலம் பட்டறை' என்று ஏற்கெனவே ஒரு பக்கம்.
நாலாயிரத்து இருநூறில் பதினைந்தைக் கழித்தார்.
"கூலி?" என்றான் தவசு, புகையில் இருமிக்கொண்டே.
முந்நூறு கழித்தார்.
மிச்சத்தை என் பெயரில் பற்று எழுதினார்.
"ஐந்தொகை எடுக்கையில பாத்துக்கலாம்."

வேன் போய்விட்டது.
கையில் இன்னும் சாம்பிராணி வாசம்.
இந்நேரம் கோட்டையூர் கேட் சாத்தியிருப்பார்கள்.
வண்டி நின்றுகொண்டிருக்கும்.

போனைத் திருப்பிப் பார்க்கிறேன்.
இதுவரை அழைப்பில்லை.